கில்ட் அணிந்து மலைநடை: எங்கே உறுத்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் வடக்கே, எழுத்தைப் பார்த்துப் படித்தால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராத மல்கை என்னும் ஊரில் தொடங்கி, ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ. செல்லும் வெஸ்ட் ஹைலண்ட் வே, 1980-இல் திறக்கப்பட்ட நெடுநடைப் பாதையாகும். அதை நான் இரண்டு முறை கில்ட் அணிந்து, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்பக்கம் மடிப்புகள் வைத்த, கட்டம்போட்ட கம்பளி உடையை அணிந்து நடந்திருக்கிறேன். முதல் முறை மூன்றாம் நாள் காலையிலேயே கில்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டுக் கால்சட்டைக்கு மாற நேர்ந்தது. இரண்டாம் முறை அதே கில்ட்டுடன் கடைசி நாள் வரை நடந்தேன். இடையில் மாறியவை சின்னச் சின்ன விஷயங்கள்தாம்: இடுப்பில் எந்த உயரத்தில் கட்டுவது, உள்ளே என்ன அணிவது, முதுகுப்பையின் பட்டையை எங்கே இறுக்குவது, நனைந்த பிறகு என்ன செய்வது என்பவை.

இன்று கடைகளில் தைத்துத் தரப்படும் எட்டு கஜ கில்ட் ஓர் அணிவகுப்பு உடை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. மலைநாட்டார் முற்காலத்தில் அணிந்த ஃபேலெ மோர் என்னும் பெருங்கில்ட் தையலே இல்லாத நீண்ட கம்பளித் துணி. அதைக் கையால் கொசுவி, இடைவாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போர்த்திக்கொண்டு நடந்தார்கள், இரவில் அதையே சுற்றிக்கொண்டு படுத்தார்கள். ஈரமானால் அவிழ்த்து உதறி மீண்டும் கட்டலாம். ஓடையைக் கடக்கையில் உயர்த்திச் செருகலாம். அதன் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையாகி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடிப்புகளைத் தைத்து நிலைநிறுத்தும் வழக்கம் வந்து, பிற்பாடு படைப்பிரிவுகளின் சீருடைக்காகத் துணியின் அளவும் மடிப்புகளின் எண்ணிக்கையும் பெருகியபோது, தோற்றத்தில் மிடுக்கு கூடியது, நெகிழ்வு குறைந்தது. கீழே வரும் திருத்தங்களில் பல, அந்த நெகிழ்வைக் கொஞ்சம் மீட்பதற்கானவை. உங்களுக்கு நேர்ந்திருக்கும் தொல்லை எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து படிக்கலாம்.

முழங்காலுக்குப் பின்னால் எரிகிறது. தோலில் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறது

கில்ட் அணிந்து நடப்பவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் தொல்லை இதுதான், ஆகவே இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன். லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில், மழை விட்ட ஒரு பிற்பகலில், பின்னங்காலில் ஏதோ பூச்சி ஊர்வது போன்ற அரிப்பாக அது தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் அரிப்பு எரிச்சலாயிற்று. கல்சுவர் ஒன்றின் மீது ஒரு காலைத் தூக்கி வைத்து, கைபேசியைப் பின்புறமாக நீட்டிப் படமெடுத்துப் பார்த்தபோது, முழங்காலின் மடிப்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் இடைவெளியில் இரண்டு சிவந்த கோடுகள் பிரம்படி போலத் தெரிந்தன. கில்ட்டின் அடிவிளிம்பை விரல்களுக்கு நடுவே வைத்து நெருடினேன். ஈரத்துடன் நுண்மணல் நறநறத்தது.

காரணம் மூன்றாகும். கம்பளிக் கில்ட்டின் அடியில் மடித்துத் தைக்கும் வழக்கம் இல்லை. தறியில் விழுந்த கரையே அதன் அடிவிளிம்பு. புது வேட்டியில் கஞ்சி போகாத கரை கணுக்காலில் எப்படி உரசுமோ அப்படி இந்தக் கரை பின்னங்காலில் உரசுகிறது. அந்தக் கரை நனைந்தால் கனத்துத் தொங்கி, ஒவ்வோர் அடிக்கும் ஊஞ்சல் போல வந்து ஒரே இடத்தில் அடிக்கிறது. அதில் பாதையின் மணலும், காய்ந்த வியர்வையின் உப்பும் சேர்ந்துவிட்டால் அது உப்புத்தாளாக மாறிவிடுகிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற ஹைலண்ட் படைவீரர்களுக்கு இதன் கொடிய வடிவம் வாய்த்தது. கில்ட்டின் விளிம்பில் அப்பிய சேறு குளிரில் உறைந்து, நடக்க நடக்கப் பின்னங்கால்களை அறுத்தது.

பாதையில் உடனே செய்யக்கூடியவை இவை. நின்று, மடிப்புகளைப் புடவைக் கொசுவம் போல ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, முறுக்கினால் மடிப்பின் கூர் கலைந்துவிடும். பிறகு குடிநீரில் கொஞ்சத்தைச் செலவிட்டுத் தோலையும் விளிம்பையும் கழுவி மணலை நீக்குங்கள். தோல் உலர்ந்ததும் வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள். தோல் ஏற்கெனவே கிழிந்திருந்தால் கொப்புளப் பட்டை ஒட்டுவது மேலானது, ஆனால் முழங்கால் மடங்கும் இடத்திலேயே ஒட்டினால் பத்து நிமிடத்தில் சுருண்டுவிடும். மடிப்புக்கு மேலே, தொடையின் பக்கமாக ஒட்டுங்கள். கடைசியாக, கில்ட்டின் வார்களைத் தளர்த்தி, முழு உடையையும் இரண்டு விரற்கடை மேலே ஏற்றி மீண்டும் இறுக்குங்கள். விளிம்பு வேறு இடத்தில் படும் என்பதாலேயே பாதி எரிச்சல் அடங்கிவிடும்.

நிரந்தரத் தீர்வு நீளத்தில் இருக்கிறது. முழங்கால் சில்லின் நடுவில் விளிம்பு நிற்க வேண்டும் என்பது சடங்குக்கான அளவு. நடைக்கான கில்ட் சில்லின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, அதாவது வழக்கமான அளவை விட 3 முதல் 5 செ.மீ. குறைவாக இருப்பது நல்லது. அப்போது பின்பக்க விளிம்பு, முழங்கால் மடங்கும் இடத்திலிருந்து விலகித் தொடைத் தசையின் மீது படும். அடிவிளிம்பு தறியின் கரை என்பதால் கீழே வெட்டிக் குட்டையாக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, தைக்கக் கொடுக்கும்போதே இந்த அளவைச் சொல்லிவிட வேண்டும். பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த மலிவு வகைகளில் அடியை மடித்துத் தைத்திருப்பதும் உண்டு. அந்தத் தையல் மேடு கரையை விட மோசமாக உரசும். அதை நீராவி இஸ்திரியால் அழுத்தித் தட்டையாக்கிய பிறகே நீண்ட நடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொடைகளின் உட்புறம் உரசிப் புண்ணாகிறது

கில்ட்டுக்குள் என்ன அணிந்திருக்கிறீர்கள் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைக் கேட்டால் கிடைக்கும் பதில் நகைச்சுவைக்கு உரியது, 20 கி.மீ. நடைக்கு உரியதன்று. கால்சட்டையில் துணி தொடைகளுக்கு நடுவே தடுப்பாக நிற்கிறது, கில்ட்டில் அந்தத் தடுப்பு இல்லை, தோல் தோலோடு உரசுகிறது, அவ்வளவுதான் நோய்க்காரணம். முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேல்வரை வரும், உடலோடு ஒட்டிய, தொடையின் உட்புறத்தில் தையல் ஓடாத உள்கால்சட்டையே மருந்து. மெரினோ கம்பளியில் கிடைப்பது சிறந்தது, லைக்ரா கலந்தது போதுமானது, பருத்தி கூடாது; பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் இருந்து புண்ணை ஆழமாக்கும். இதையே சற்று நீளமாகத் தேர்ந்தெடுத்தால் முன்சொன்ன விளிம்பு உரசலுக்கும் அது கவசமாகிவிடும். காற்றில் கில்ட் பறந்தாலும், வேலியைத் தாண்டும்போது பின்னால் வருபவர் நிமிர்ந்து பார்த்தாலும் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது கூடுதல் நன்மை.

புண் வந்த பிறகு இதை அணிந்தால் முதல் அரைமணி நேரம் எரியும். சோப்பில்லாமல் கழுவி, காய வைத்து, வாசலின் தடவி அணியுங்கள். டால்கம் பவுடர் தூவாதீர்கள், வியர்வையில் அது குழைந்து உருண்டைகளாகி மேலும் உரசும்.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை குத்துகிறது, வயிறு இறுகுகிறது, பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது

மூன்றும் ஒரே இடத்துச் சண்டையின் மூன்று முகங்கள். மரபான கில்ட் கால்சட்டை நிற்கும் இடத்தில் நிற்பதில்லை. தொப்புள் உயரத்தில், சமயத்தில் அதற்கும் மேலே ஏறி நிற்கும். முதுகுப்பையின் எடை தோளை விட்டு இடுப்பெலும்பின் மேல் இறங்க வேண்டும் என்பதற்காகவே இடுப்புப் பட்டை இருக்கிறது. ஆக, பட்டை இறுகும் இடத்தில் ஏற்கெனவே கில்ட்டின் தோல்வார்களும் உலோகக் கொளுவிகளும் இருக்கின்றன, பின்பக்கத்தில் இடுப்பு முதல் பிட்டம் வரை தைத்து அடுக்கிய மடிப்புகளின் தடிப்பு இருக்கிறது. இவற்றுக்கு மேலே நான்கு விரல் அகலத் தோல் பெல்ட்டையும் கட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கில்ட்டை இடுப்பில் நிறுத்துவது வார்களே என்பதால் அந்தப் பெல்ட்டுக்கு மலையில் வேலை எதுவும் இல்லை. முதலில் அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

கொளுவி குத்தினால், அது எங்கே குத்துகிறது என்று பார்க்க வேண்டும். மரபான கில்ட்டில் இடப்பக்கம் ஒரு வாரும் வலப்பக்கம் பெரும்பாலும் இரண்டு வார்களும் இருக்கும். வலப்பக்கத்துக் கீழ்வார்தான் இடுப்பெலும்பின் மீது நேராக உட்காரும். பை சுமந்து நடக்கையில் அந்தக் கீழ்வாரை முழுவதுமாக அவிழ்த்துவிடலாம். பையின் பட்டையே துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவிழ்த்த கொளுவியின் மேல் பழைய தூங்கும்பாயிலிருந்து வெட்டிய உள்ளங்கை அளவு நுரைத்துண்டை வைத்துப் பட்டையை இறுக்கினால் குத்தல் நின்றுவிடும். நடைக்கென்றே தனிக் கில்ட் வைத்திருப்பவர்கள் கொளுவிகளை நீக்கி வெல்க்ரோ தைத்துக்கொள்வது நல்ல யோசனை.

வயிறு இறுகுவதற்குக் காரணம் வரிசைமுறையாகும். வெறும் வயிற்றில், பை இல்லாமல், நின்ற நிலையில் கில்ட்டை இறுக்குகிறோம்; அதன்மேல் பட்டையை இறுக்குகிறோம்; பிறகு ஏற்றத்தில் மூச்சு வாங்க வயிறு விரிய இடமில்லை. கில்ட்டைத் தளர்வாகக் கட்டி, பையை மாட்டி, பட்டையை இடுப்பெலும்பில் இறுக்கிய பிறகு கில்ட்டின் மேல்வார்களைச் சரிசெய்யுங்கள். வழக்கத்தை விட ஒரு துளை தளர்வாக முடியும்.

பின்பக்கம் தூக்கிக்கொள்வது நமக்குத் தெரியாது, பிறருக்குத் தெரியும். பையைத் தரையிலிருந்து வீசி முதுகில் ஏற்றும்போது பையின் அடிப்பகுதி மடிப்புகளை வாரிக்கொண்டு மேலேறிவிடுகிறது. நடக்கும்போது பின்தொடையில் திடீரென்று காற்று பட்டால் அதுவே அறிகுறி. பட்டையை மாட்டியவுடன் சற்றே முன்குனிந்து, இரு கைகளையும் பின்னால் கொண்டுபோய், பைக்கு அடியிலிருந்து மடிப்புகளை இடமிருந்து வலமாக ஒவ்வொரு பிடியாகக் கீழே இழுத்துவிட வேண்டும். ஒவ்வோர் ஓய்வுக்குப் பிறகும் இதைச் செய்யப் பழகுங்கள். இரண்டு நாளில் கை தானாகப் போகும். பை நீளமானதாக இருந்து பிட்டம் வரை தொங்கினால் இந்தப் பழக்கமும் உதவாது, ஏனெனில் ஒவ்வோர் அடிக்கும் பை மடிப்புகளை மேலே தேய்த்துக்கொண்டேயிருக்கும். தோள்வார்களைச் சுருக்கிப் பையை உயர்த்துவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஸ்போரன் தொடையில் அடிக்கிறது

கழற்றிப் பைக்குள் வையுங்கள். கில்ட்டின் முன்னே சங்கிலியில் தொங்கும் சிறு பையே ஸ்போரன். கில்ட்டில் சட்டைப்பை இல்லாத குறையை அது தீர்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சங்கிலி இடுப்புப் பட்டைக்கு அடியில் சிக்கி முதுகெலும்பில் பதியும். வரைபடம், கைபேசி முதலியவற்றுக்கு இடுப்புப் பட்டையிலேயே பை உள்ளது. விடாப்பிடியாக அணிய விரும்புபவர்கள், நடனக்காரர்கள் செய்வது போல அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளலாம்.

ஏறும்போது முன்பக்கம் முழங்காலைப் பிடித்து இழுக்கிறது

சமதளத்தில் தடையே தெரியாத கில்ட், உயரமான கற்படியில் காலை வைத்தவுடன் இழுக்கிறது என்றால், முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டை மடல்களும் இடுப்பில் அளவுக்கு மீறி இறுகியுள்ளன என்று பொருள். மேலே சொன்னபடி கீழ்வாரை அவிழ்த்தால் பெரும்பாலும் போதும். க்ளென்கோவுக்கு அருகே டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்னும் வளைவேற்றம் சுமார் 550 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. பாதையின் உச்சம் அதுதான். அங்கே மேல்மடலின் கீழ்முனையைத் தூக்கி இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு ஏறினேன். வயல்வரப்பில் வேட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து நடப்பவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கையசைவு புதிதன்று.

இறக்கத்தில் சிக்கல் பின்பக்கத்துக்கு மாறுகிறது. பாறையில் அமர்ந்து சறுக்கி இறங்கினால் மடிப்புகள் பாறைக்கும் நமக்கும் நடுவே மாட்டி நம்மைப் பின்னுக்கு இழுக்கும், துணியும் கிழியும். செங்குத்தான இடங்களில் மலையைப் பார்த்துத் திரும்பி ஏணி இறங்குவது போல இறங்குங்கள். மான்வேலிகளில் வைத்திருக்கும் மரப்படிகளைத் தாண்டும்போது மடிப்புகளை ஒரு கையால் முன்னே வாரிக்கொள்ளுங்கள். முள்கம்பியில் மாட்டிய கம்பளி நூல் ஒன்று இழுபட்டால் கட்டத்தின் வரியே கோணலாகிவிடும்.

காற்றில் பறக்கிறது

கில்ட்டின் வலது கீழ்முனையில் குத்தும் ஊசியைக் கொண்டு இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்திவிட்டால் பறக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஊசி மேல்மடலில் மட்டும் குத்த வேண்டியது. இரண்டையும் சேர்த்துக் குத்திவிட்டு ஒரு நீண்ட எட்டு வைத்துப் பாருங்கள், துணி கிழியும் ஓசையே விடை சொல்லிவிடும்.

கனமான துணி குறைவாகவே பறக்கும். 16 அவுன்ஸ் கம்பளியைக் காற்று அசைக்கச் சிரமப்படும், 11 அவுன்ஸ் துணி கொடி போல ஆடும். ஆனால் காற்றுக்காகவே கனத்தைச் சுமப்பது சரியான கணக்கன்று. ரானக் மூர் போன்ற மரமற்ற சதுப்புவெளியில், இரு கைகளிலும் கோல் பிடித்து நடக்கையில், கில்ட்டை அதன் போக்கில் பறக்கவிட்டு, உள்ளே நீண்ட உள்கால்சட்டை அணிந்திருப்பதே நிம்மதி. காற்று உடலையே சாய்க்கும் அளவில் இருந்தால், குறிப்பாகக் குறுகிய முகட்டில், துணி பாய்மரம் போலக் காற்றை ஏந்தி நிலைகுலையச் செய்யும். அப்போது கால்சட்டைக்கு மாறுவது மானப் பிரச்சினை அன்று.

நனைந்து கனக்கிறது, குளிர் ஏறுகிறது

எடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கில்ட் துணியின் அவுன்ஸ் கணக்கு, இரட்டை அகலத் துணியின் ஒரு கஜ நீளத்துக்கு உரியது. அந்தத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இணைப்பதால் எட்டு கஜ கில்ட்டுக்கு நான்கு கஜம் போதும். ஆகவே 16 அவுன்ஸ் துணியில் எட்டு கஜ கில்ட் 64 அவுன்ஸ், அதாவது சுமார் 1.8 கிலோ; 13 அவுன்ஸ் துணியில் ஐந்து கஜ கில்ட் சுமார் 0.9 கிலோ. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகத் தெரியாமலேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் மடிப்புகளுக்கு நடுவில் தேங்குவது தனி. எட்டு கஜக்காரர் நல்ல மழையில் இடுப்பில் சுமப்பது இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடும். நான் ஐந்து கஜக் கட்சி.

பெரும்பாலோர் கவனிக்காத ஒரு காரணம் மழைச்சட்டை. இடுப்போடு முடியும் சட்டையில் விழும் மழையெல்லாம் வழிந்து, கில்ட்டின் மடிப்புகள் தொடங்கும் இடத்தில் ஒன்றாக இறங்குகிறது. சட்டை நன்றாக நீரை விலக்கும் தரமுள்ளதாயின் கில்ட் இன்னும் சீக்கிரம் நனைகிறது. தலைவழியாக மாட்டி முழங்கால் வரை வரும் போன்சோ என்னும் மழைப்போர்வை, அல்லது எடை குறைந்த மழைத்துணியை இடுப்பில் சுற்றிக் கட்டும் மழைக்கில்ட், இதற்குத் தீர்வு. காற்றடிக்கும் இடத்தில் போன்சோ பறந்து முகத்தை மூடும் என்பதால் நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அதைக் கம்பளியின் மேலே சுற்றினால், கால்களுக்குக் கீழிருந்து காற்றும் கிடைக்கும், வியர்வையும் தேங்காது. கெண்டைக்காலுக்குக் கெய்ட்டர் என்னும் கால் உறை போதும். முழங்கால் நனைந்தால் நனையட்டும், துணியைப் போலன்றித் தோல் நிமிடங்களில் உலர்ந்துவிடும்.

நடந்துகொண்டிருக்கும் வரை வெற்றுக்கால் குளிர்வதில்லை, நின்றவுடன் குளிரும். உயரம் கூடக் கூட 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 பாகை வெப்பம் குறைவதாகக் கொண்டால், கடல் மட்டத்தை ஒட்டிய ஃபோர்ட் வில்லியத்துக்கும் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் உச்சிக்கும் 8, 9 பாகை வேறுபாடு வரும், காற்று தனி. ஆகவே முழுக்கால்சட்டை ஒன்று நீர்புகாத உறையில் பைக்குள் எப்போதும் இருக்க வேண்டும். நடுக்கம் நிற்காமல் வந்தாலோ, கொளுவியை மாட்ட விரல்கள் தடுமாறினாலோ, உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையத் தொடங்கியிருக்கிறது என்று கொண்டு, ஈரமானதைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, சாப்பிட்டு, கீழே இறங்குங்கள். பனி மூடிய சரிவுகளுக்குக் கில்ட்டே வேண்டாம். வழுக்கி விழுந்து சறுக்கினால் துணி மேலேறிவிடும், இறுகிய பனி வெற்றுத்தோலை அரம் போலத் தேய்க்கும்.

கால்களில் கடி

இரண்டு பிராணிகளைப் பிரித்தறிய வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை, விடியலிலும் அந்தியிலும் மேகமூட்டத்திலும் மேகம்போல மொய்ப்பது மிட்ஜ் என்னும், கொசு போன்ற சிறு பூச்சியினம். இறகை விரித்தாலும் 2 மில்லிமீட்டர் வராது. காற்று மணிக்கு 11 கி.மீ. வேகத்துக்கு மேல் வீசினால் அதனால் பறக்க இயலாது, ஆகவே நடப்பவரை அது அதிகம் தொல்லை செய்வதில்லை. நிற்பவரை, அதிலும் ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பவரைத் தின்றுவிடும். கில்ட்டுக்கு அடியில் புகுந்துகொண்டால் மடிப்புகளுக்குள் இருந்து அதைத் துரத்த முடியாது. முகாமுக்கு வந்ததும் முதல் வேலையாக நீண்ட கால்சட்டைக்கு மாறுங்கள். இக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டியைக் காலில் பூசலாம். டீட் கலந்தது விஸ்கோஸையும் லைக்ராவையும் கெடுக்கக்கூடும் என்பதால் கில்ட்டின் மேலோ உள்கால்சட்டையின் மேலோ படக் கூடாது.

உண்ணி அப்படியல்ல. அது பறக்காது, குதிக்காது. பிராக்கன் என்னும் பெரணிச் செடியிலும் உயர்ந்த புல்லிலும் காத்திருந்து, உரசிச் செல்பவர் மேல் தொற்றிக்கொண்டு மேல்நோக்கி ஊரும். கோடையில் லாக் லோமண்ட் கரையில் பாதையை நெருக்கும் பெரணிப் புதர்களில் வெற்றுக்காலுடன் நடப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். சில உண்ணிகள் லைம் என்னும் நோயைப் பரப்புகின்றன. ஆகவே, ஒவ்வோர் இரவும் முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, இடுப்பில் கில்ட்டின் மேல்விளிம்பு பதிந்த இடம் ஆகியவற்றை விளக்கு வைத்துப் பார்த்தாக வேண்டும். இளம் உண்ணி கசகசா அளவே இருக்கும். மச்சம் என்று கடந்துவிடாமல் விரலால் தடவிப் பாருங்கள். கிடைத்தால், கூரிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேரே மேல்நோக்கி இழுத்து எடுத்து, இடத்தைக் கிருமிநாசினியால் துடையுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவும் சிவப்பு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தோன்றும். தோன்றினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்த நாளையும் இடத்தையும் சொல்லுங்கள்.

காலுறை நழுவுகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது

கில்ட்டோடு சேர்த்து விற்கும் கனத்த காலுறையை நிறுத்த முழங்காலுக்குக் கீழே கட்டும் மீள்பட்டை, பகல் முழுதும் இறுகியிருந்தால் கெண்டைக்காலை நோகச் செய்யும். முழங்கால் உயரத்துக்கு வரும் மலைநடைக் காலுறை எதுவானாலும் பட்டையில்லாமல் நிற்கும். வெயில் நாளில் அதற்கும் கில்ட்டுக்கும் நடுவே தெரியும் தோலுக்கு, குறிப்பாக முழங்காலின் பின்புறத்துக்கு, சன்ஸ்கிரீன் பூச மறக்காதீர்கள். வடக்கு நோக்கி நடக்கையில் நண்பகல் வெயில் முழுவதும் அங்கேதான் விழுகிறது.

உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் ஈரம், மடிப்புகளும் கசங்கல்

அமரும்போது புறங்கையால் மடிப்புகளைக் கீழ்நோக்கி வருடிக்கொண்டே அமர வேண்டும். அப்படியே பொத்தென்று உட்கார்ந்தால் மடிப்புகள் குறுக்கே மடியும். ஹெதர் புதர் உலர்ந்து தெரிந்தாலும் அடியில் சதுப்பின் ஈரம் இருக்கும், ஆதலால் ஒரு சாண் அகலமும் ஒரு முழ நீளமும் உள்ள நுரைப்பாய்த் துண்டைப் பையின் வெளிவாரில் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இன்னும் காயவில்லை, மடிப்புகள் கலைந்துவிட்டன

தங்கும் விடுதிகளில் உடை உலர்த்தும் அறை இருந்தால், இடுப்புப் பகுதியைக் கவ்விகளில் மாட்டி, மடிப்புகளை ஒவ்வொன்றாக நேராக்கித் தொங்கவிடுங்கள். வெப்பக் குழாயின் மேல் போடக் கூடாது, உலர்த்தும் இயந்திரத்தில் போடவே கூடாது. கம்பளி சுருங்கிவிட்டால் மீட்க வழியில்லை. விளிம்பில் அப்பிய சேற்றை ஈரமாக இருக்கையில் தேய்த்தால் இழைக்குள் ஏறிவிடும், காயவிட்டுத் தூரிகையால் தட்டினால் பொடியாக உதிரும். கூடாரத்தில் தங்குபவர், நீரை ஒற்றி எடுத்தபின், கில்ட்டை மடிப்புகள் குலையாமல் நீளவாக்கில் இறுகச் சுருட்டி, பழைய நீள்காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு அந்தக் குழாய்க்குள் செருகி வைக்கலாம். பயணத்தில் கில்ட் கசங்காமலிருக்க வெகுகாலமாக இருந்துவரும் உபாயம் இது. ஈரம் போகாது, ஆனால் மடிப்பின் கூர் நிற்கும். வீடு திரும்பியதும் ஒவ்வொரு மடிப்பையும் நீண்ட ஓட்டுத்தையலால் தற்காலிகமாகத் தைத்துக்கொண்டு, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் பழைய நிலைக்கு வரும்.

மறுநாள் கிளம்பும் முன் விளிம்பை மீண்டும் விரல்களுக்கு நடுவே நெருடிப் பாருங்கள். மணல் தட்டுப்பட்டால் தூரிகை; ஈரம் தட்டுப்பட்டால் முதல் இரண்டு மணி நேரம் கால்சட்டையில் நடந்து, கில்ட்டைப் பையின் மூடிக்கு அடியில் மடிப்புகள் வெளியே தொங்கும்படி செருகிக் காற்றில் காயவிடுங்கள். இரண்டாம் பயணத்தில் டின்ட்ரம் என்னும் ஊரிலிருந்து புறப்பட்ட காலையில் அப்படித்தான் செய்தேன். பிரிட்ஜ் ஆஃப் ஆர்கி வந்து சேர்வதற்குள் உடுத்தும் அளவுக்குக் காய்ந்திருந்தது.